கண்ணுக்குள் சிதறும் ஒளி

விடியற்காலை ஐந்து மணி இருட்டில், தோட்டத்து மண்சாலையில் ஒரு லோரி எதிரே வந்தால் என்ன நேர்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். விளக்குகள் முகத்தில் அடித்தவுடன் சாலையோரக் கால்வாய் மறைகிறது. முன்னால் சைக்கிளில் போகிறவர் மறைகிறார். எல்லாவற்றின் மீதும் வெண்மையான திரை ஒன்று விழுந்துவிடுகிறது. இளைஞர் கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு நடந்துவிடுவார். அறுபது வயதைத் தாண்டிய பெரியவரோ நின்றுவிடுவார். "வெளிச்சம் கண்ணைக் கட்டுது" என்பார். அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று எழுத்துப் பலகையின் முன் உட்கார வைத்தால், கீழ்வரிசைச் சிற்றெழுத்துகளைக்கூடத் தடங்கலின்றிப் படித்துவிடக்கூடும். பார்வையில் பெரிய குறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? பெரியவர் சாக்குச் சொல்கிறார் என்றுதானே நினைப்பார்கள்!

பெரியவர் சொன்னது பொய்யன்று. எழுத்துப் பலகை காட்டியதும் பொய்யன்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது எப்படி என்று கண்டறிவதற்கு மனித குலத்துக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் பிடித்தன. அந்த நானூறு ஆண்டுக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு, இருட்டறையில் அதன் பக்கவாட்டில் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். ஒளி நீருக்குள் போகிற வழி கண்ணுக்குத் தெரியாது. இப்போது அந்த நீரில் இரண்டு சொட்டுப் பாலை விட்டுக் கலக்குங்கள். ஒளி செல்லும் பாதை வெள்ளைக் கம்பிபோல் பளிச்சென்று தெரியும். பாலிலுள்ள நுண்ணிய துகள்கள் நேரே போகவேண்டிய ஒளியில் ஒரு பகுதியை நாலா பக்கமும் தெறிக்கச் செய்கின்றன. இதற்குத்தான் ஒளிச்சிதறல் என்று பெயர். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள் கைதட்டுவதை நாம் பல முறை கண்டிருக்கிறோம்.

சிதறல் வேறு, ஒளி தவறாக வளைவது வேறு. பழைய வீட்டுச் சன்னலில் அலை அலையான கண்ணாடி இருந்தால் வெளியிலுள்ள மரம் நெளிந்து தெரியும். ஆனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அடுப்புப் புகை படிந்த கண்ணாடியிலோ மரம் நெளியாது. வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் வெளுத்துப் போய், மரமே மங்கிவிடும். நம் கண்ணிலும் இந்த இரு குறைகளும் உண்டு. ஒளி வளையும் குறையை மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் திருத்திவிடும். சிதறலை அது திருத்தாது. எழுத்துப் பலகைச் சோதனை பெரும்பாலும் முதற்குறையைத்தான் பிடிக்கும். எதிர் வெளிச்சம் எதுவும் இல்லாத அறையில் செய்யப்படுவதால் இரண்டாவது குறை அங்கே ஒளிந்துகொள்ளும்.

கண் என்பது ஓர் ஒளிக்கருவி என்பதையே பலர் ஏற்காத காலம் ஒன்று இருந்தது. 1604ஆம் ஆண்டில் ஜெர்மன் வானியல் அறிஞர் யோஹான்னஸ் கெப்ளர், வெளியுலகின் உருவம் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று எழுதினார். கிறிஸ்டோஃப் ஷாய்னர் என்னும் ஏசு சபைப் பாதிரியார் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட முனைந்தார். மாட்டின் கண்ணின் பின்தோலைச் சீவி எடுத்துவிட்டுப் பார்த்தால், அங்கே சிறிய தலைகீழ்ப் படம் விழுந்திருப்பது தெரிந்தது. அவர் 1619இல் வெளியிட்ட நூலில் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. ஓர் அட்டையில் மிக நெருக்கமாக இரண்டு ஊசித் துளைகள் இட்டு, அவற்றைக் கண்பாவைக்கு நேரே வைத்து ஒரு குண்டூசியைப் பார்க்க வேண்டும். கண் குண்டூசியின்மீது சரியாகக் குவிந்திருந்தால் ஓர் ஊசி தெரியும். குவியாவிட்டால் இரண்டாகத் தெரியும். கண்பாவையின் இரு இடங்கள் வழியாக நுழையும் கதிர்கள் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்பதை அந்த அட்டை சொல்லிவிடுகிறது. கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றும் இதில் இல்லை. ஆனால் பின்னால் நாம் காணப்போகும் பெரிய கருவிகளுக்கெல்லாம் பாட்டன் இந்த அட்டைதான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஹெர்மான் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்தார். மனிதனின் கண்பாவை ஏன் கறுப்பாக இருக்கிறது? உள்ளே போகும் ஒளி எதுவும் வெளியே வராததாலா? இல்லை, வருகிறது. ஆனால் வந்த வழியே திரும்பிப் போகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்தில் நம் தலை இருக்க வேண்டும். தலையை அங்கே வைத்தால் விளக்கை மறைத்துவிடுகிறோம்! இந்தச் சிக்கலை அவர் சாய்வாக வைத்த கண்ணாடித் தகடுகளால் அவிழ்த்தார். பக்கத்திலுள்ள விளக்கின் ஒளி தகட்டில் பட்டுக் கண்ணுக்குள் சென்றது. திரும்பி வந்த ஒளி தகட்டை ஊடுருவிப் பார்ப்பவரின் கண்ணை அடைந்தது. 1850ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டு 1851இல் நூலாக வந்த இந்தக் கருவியின் வழித்தோன்றலைத்தான் இன்றும் மருத்துவர் கையில் பிடித்துக்கொண்டு நம் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறார். உயிருள்ள மனிதனின் விழித்திரையும் இரத்தக் குழாய்களும் அன்றுதான் முதன்முதலாக நன்கு தெரிந்தன.

கண்ணின் அருமையை இவ்வளவு அறிந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதன் குறைகளையும் மறைக்கவில்லை. இத்தனை குறைகளுள்ள கருவியை ஒரு கடைக்காரர் தம்மிடம் விற்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை என்ற கருத்தை அவர் பிற்காலத்துச் சொற்பொழிவு ஒன்றில் வெளியிட்டார். ஆனால் தம் கண்ணைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சிதறலை அளக்கவேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தியது மோட்டார் வண்டிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவுச் சாலைகளில் முகவிளக்குகள் பெருகின. எதிரே விளக்கு இருந்தால் எவ்வளவு பார்வை குறைகிறது என்ற கேள்வி எழுந்தது. 1926இல் அமெரிக்காவில் ஹோலடே என்பவரும், 1929இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டைல்ஸ் என்பவரும் இதை அளந்தார்கள். முறை மிகவும் அழகானது. பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டு, நடுவில் எவ்வளவு மங்கிய புள்ளியைக் கண்ணால் காண முடிகிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் விளக்கை அணைத்துவிட்டு, பார்க்கும் இடம் முழுவதும் ஒரே சீரான மெல்லிய ஒளித்திரையைப் பரப்ப வேண்டும். புள்ளி முன்போலவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் அளவுக்குத் திரையின் ஒளியைக் கூட்ட வேண்டும். அந்தத் திரையின் அளவே விளக்கு கண்ணுக்குள் உண்டாக்கிய திரையின் அளவு. பெரியவர் சொல்லும் அந்த வெண்திரைக்கு இப்படித்தான் முதன்முதலாக ஓர் எண் கிடைத்தது.

அவர்கள் கண்ட விதியும் எளியதே. நாம் பார்க்கும் திசையிலிருந்து விளக்கு எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத் திரை மெலிகிறது. கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. விளக்கு அரை முட்டி தள்ளியிருந்தால் ஏற்படும் திரையைவிட, ஒரு முட்டி தள்ளியிருந்தால் ஏற்படும் திரை நாலில் ஒரு பங்குதான். எதிரே வரும் வண்டியின் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள் என்று வண்டி ஓட்டப் பழக்குகிறவர்கள் சொல்வதற்கு இந்த விதியே அடிப்படை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். கூசும் ஒளியில் கண்பாவை எவ்வளவு சுருங்குகிறது என்று ஸ்டைல்ஸும் அவருடைய துணைவர் கிராஃபோர்டும் அளக்கப் புகுந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. ஏனென்று துருவியபோது, கண்பாவையின் ஓரமாக நுழையும் ஒளி நடுவில் நுழையும் ஒளியைவிடக் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றுகிறது என்று தெரிந்தது. 1933இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. சாலை விளக்குக்காகத் தொடங்கிய வேலை விழித்திரையின் அமைப்பையே காட்டிக்கொடுத்தது!

வெண்திரை உண்மையிலேயே சிதறிய ஒளிதானா, அல்லது பெருவெளிச்சம் பட்டதால் விழித்திரை நரம்புகள் மயங்கிப்போவதா என்ற வழக்கு மட்டும் நெடுநாள் நடந்தது. 1953இல் அமெரிக்காவின் ஃப்ரை, ஆல்பர்ன் ஆகிய இருவரும் செய்த சோதனைகள் சிதறலின் பக்கமே சாட்சி சொன்னன. அப்படியானால் கண்ணுக்குள் ஒளியைச் சிதறடிப்பது எது?

கண்ணின் முன்புறத்தில் கார்னியா என்னும் கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வில்லை இருக்கிறது. இவ்விரண்டும் உயிர்ப்பொருள்கள். தோலைப் போல, தசையைப் போலப் புரதத்தால் ஆனவை. அப்படியிருந்தும் எப்படித் தெளிவாக இருக்கின்றன என்பதே வியப்பு. கார்னியாவின் நார்கள் மிக மெல்லியவை, ஒரே அளவினவை, ஒழுங்கான இடைவெளியில் நிற்பவை என்பதால் சிதறிய ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று 1957இல் டேவிட் மாரிஸ் விளக்கினார். வில்லையின் புரதங்கள் நெருக்கமாக அடைந்திருக்கும்வரை சிதறல் குறைவு. அவை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பெரிய திரள்களானால் சிதறல் பெருகும் என்று 1971இல் ஜார்ஜ் பெனெடெக் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கருவைச் சுட வைத்தால் வெளுத்துப் போகிறதே, அதைப் போன்றதுதான். வில்லையின் உள்நார்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அவை உதிர்ந்து புதிதாக முளைப்பதில்லை. எழுபது வயதுக்காரரின் வில்லை நடுவிலுள்ள புரதம் எழுபது ஆண்டு வெயிலைக் கண்ட புரதம். அது மிகவும் கலங்கிவிட்டால் கண்புரை என்கிறோம்.

கண்புரை இல்லாத நல்ல கண்ணிலும் வயது தன் வேலையைச் செய்கிறது. 35 வயதில் சிதறல் இளமைக்காலத்தைவிடச் சற்றே கூடுதல். 70 வயதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு விரைந்து ஏறுகிறது. ஆகவே, மகனுக்கு ஒன்றும் செய்யாத விளக்கு தந்தையை நிறுத்திவிடுவதில் வியப்பில்லை.

இந்த அளவைத் தனி ஒருவரின் கண்ணில் எளிதாக எடுக்கும் வழியை நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வான் டென் பெர்க் என்பவர் 1980களில் உருவாக்கினார். இருண்ட வட்டம் ஒன்று. அதைச் சுற்றிப் பளிச்சென்ற ஒளி வளையம். வளையம் விட்டுவிட்டு மின்னும். வளையம் எரியும்போது அதன் ஒளியில் சிறு பங்கு கண்ணுக்குள் சிதறி நடுவட்டம் விழும் இடத்தையும் அடைகிறது. அணையும்போது அது இல்லை. ஆகவே இருண்டிருக்கும் நடுவட்டமும் மெல்ல மின்னுவதாகத் தோன்றும். இப்போது வளையம் அணையும் வேளைகளில் மட்டும் நடுவட்டத்தில் சிறிது சிறிதாக ஒளியைச் சேர்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் நடுவட்டத்தின் மின்னல் நின்றுபோகும். எவ்வளவு ஒளியைச் சேர்த்தோமோ அவ்வளவுதான் சிதறிய ஒளி. தராசில் படிக்கல்லை வைத்து நிறுப்பது போன்ற வேலை. இந்தக் கருவி கொண்டு ஐரோப்பாவில் வாகனமோட்டிகளைச் சோதித்தபோது, எழுத்துப் பலகையை நன்றாகப் படித்தவர்களிலும் சிலருக்குச் சிதறல் மிகுதியாக இருந்தது. பலகை ஒன்றை அளக்கிறது, வளையம் வேறொன்றை அளக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சோதிக்கப்படுபவர் மின்னுகிறது, மின்னவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமலே, கண்ணிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டே அளக்க முடியுமா? இதற்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நாம் இப்போது வானத்தைப் பார்க்க வேண்டும்.

விண்மீன்கள் மினுக்குகின்றன. காற்று மண்டலம் அலை அலையான கண்ணாடிபோல் ஆடிக்கொண்டிருப்பதே காரணம். தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த ஆட்டம் படத்தைக் கலைத்துவிடும். 1953இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் ஒரு யோசனை சொன்னார். காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறது என்று நொடிக்கு நொடி அளந்து, அதற்கு நேர்மாறான கோணலை ஓர் ஆடியில் உண்டாக்கினால் இரண்டும் சேர்ந்து நேராகிவிடாதா? யோசனை சரிதான். ஆனால் அவ்வளவு விரைவாக வேலை செய்யும் கருவி அன்று இல்லை. 1970களில் அமெரிக்க இராணுவம் விண்ணில் சுற்றும் துணைக்கோள்களைத் தெளிவாகப் படம்பிடிக்க விரும்பி இதற்குப் பணத்தைக் கொட்டியது. அந்த வேலைகளில் பெரும்பகுதி 1991வரை இரகசியமாகவே இருந்தது. இதற்கிடையே பிரான்சு நாட்டில் 1989இல் வானியலாளர்கள் தாங்களே ஒரு கருவியை அமைத்து வெற்றி கண்டார்கள். இந்தக் கலைக்கு ஆங்கிலத்தில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர். தகவமைப்பு ஒளியியல் என்று நாம் சொல்லலாம்.

கோணலை அளக்கும் பகுதிக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1900ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் யோஹான்னஸ் ஹார்ட்மான் தொலைநோக்கியின் முன் பல துளைகளுள்ள தகட்டை வைத்துச் சோதித்தார். ஷாய்னரின் இரண்டு துளைகள் இங்கே பல துளைகளாயின. 1971இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஷாக், பென் பிளாட் ஆகியோர் துளைகளுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு வில்லைகளை வரிசை வரிசையாகப் பதித்தார்கள். ஒவ்வொரு வில்லையும் ஓர் ஒளிப்புள்ளியை உண்டாக்கும். வரும் ஒளி கோணலற்றதாக இருந்தால், நம் வீட்டு வாசலில் கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளைப் போல் அவை ஒழுங்காக நிற்கும். கோணல் இருந்தால் புள்ளிகள் இடம் பெயரும். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் ஒளி எங்கே எப்படிக் கோணியது என்பது தெரிந்துவிடும்.

மனிதக் கண்ணின் கோணல்களை முழுமையாக அளக்கும் முயற்சியும் தனியே நடந்துகொண்டிருந்தது. 1961இல் சோவியத் நாட்டு அறிஞர் ஸ்மிர்னோவ், ஷாய்னரின் முறையை விரித்து ஒரு கண்ணின் முழு வரைபடத்தைத் தயாரித்தார். ஒரு கண்ணுக்குக் கணக்குப் போடவே 10 முதல் 12 மணி நேரம் பிடித்ததால், மருத்துவர்கள் இதை என்றைக்காவது பயன்படுத்துவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கே இருக்கவில்லை. கணிப்பொறி வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது.

1994இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், யோசஃப் பில்லே என்பவரின் ஆய்வுக்கூடத்தில், லியாங் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் வானியலாளரின் புள்ளிக்கோலத்தைக் கண்ணுக்குப் பயன்படுத்தினார்கள். மெல்லிய லேசர் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி விழித்திரையில் ஒரு புள்ளியை உண்டாக்கினார்கள். அதுவே அவர்களுக்கு விண்மீன். அங்கிருந்து திரும்பி வரும் ஒளி வில்லையையும் கார்னியாவையும் கடந்து, அவற்றின் கோணல்களையெல்லாம் சுமந்துகொண்டு வந்து, சிறு வில்லைகளின் வரிசையில் விழுந்து கோலமாயிற்று. பிறகு லியாங் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார். 1997இல் லியாங், வில்லியம்ஸ், மில்லர் ஆகிய மூவரும் வளையும் ஆடி ஒன்றை இதனுடன் இணைத்தார்கள். மெல்லிய அந்த ஆடியின் முதுகில் 37 நுண்ணிய தண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே ஆடியை முன்னும் பின்னும் தள்ளும். அவ்வளவு போதும். கண்ணின் கோணலுக்கு எதிர்க்கோணல் அமைந்தது. உயிருள்ள மனிதனின் விழித்திரையில் ஒளியை வாங்கும் கூம்பு உயிரணுக்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து தெரிந்தன.

அந்தக் கருவியால் 1999இல் ரூர்டாவும் வில்லியம்ஸும் கண்டதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நிறங்களைச் சரியாகக் காணும் இருவரின் கண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவருக்குச் சிவப்பு வாங்கும் கூம்புகளும் பச்சை வாங்கும் கூம்புகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. மற்றவருக்குச் சிவப்பு ஏறக்குறைய நாலு பங்கும் பச்சை ஒரு பங்குமாக இருந்தன. இருந்தும் இருவரும் ஒரே விதமாக நிறம் பார்த்தார்கள்!

இப்போது நம் பழைய கேள்விக்குத் திரும்புவோம். ஆடி கோணலைத் திருத்தும். சிதறலைத் திருத்துமா? திருத்தாது. கோலப்புள்ளி பக்கத்தில் நகர்ந்திருந்தால் ஆடி அதை இழுத்து இடத்தில் நிறுத்தும். ஈரத்தரையில் வைத்த மாவுப்புள்ளிபோல் அந்தப் புள்ளியே கரைந்து பரவியிருந்தால் ஆடியால் என்ன செய்ய முடியும்? வில்லைக்குள் இருக்கும் எண்ணற்ற நுண்திரள்கள் ஒளியைத் தெறிக்கச் செய்வதை 37 தண்டுகளால் பின்தொடர இயலாது. ஆனால் இந்த இயலாமையே அளப்பவர்களுக்குக் கைகொடுத்தது. புள்ளி நகர்ந்தது வளைவின் குறை, புள்ளி கரைந்தது சிதறலின் குறை. இதுவரை ஒன்றாகக் கலந்து கிடந்த இரண்டையும் ஒரே படத்தில் பிரித்துப் பார்க்க முடிந்தது. 2004இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்புரை உள்ளவர்களின் புள்ளிக்கோலங்களை எடுத்து, புள்ளிகள் பரவிய அளவைக் கொண்டே வில்லையின் கலக்கத்தை மதிப்பிட்டார்கள். ஆடி கோணலையெல்லாம் துடைத்த பிறகும் ஒளிப்புள்ளியைச் சுற்றி நிற்கும் மங்கிய ஒளிவட்டம் எதனால் என்று கேட்டால், பெரும்பாலும் சிதறலால் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

ஸ்பெயின் நாட்டின் முர்சியா பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஆர்ட்டால் என்பவரின் குழு இதை மருத்துவமனைக்கு ஏற்றதாக்கியது. கண்ணுக்குள் ஒரு புள்ளி ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் படத்தில் நடுவில் எவ்வளவு ஒளி இருக்கிறது, சற்றுத் தள்ளிய வளையத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று ஒப்பிட்டு ஓர் எண்ணாகத் தந்தார்கள். 2011இல் வெளியான அந்த அளவில், எண் 1க்குக் கீழிருந்தால் தெளிந்த கண். கண்புரை முற்ற முற்ற எண் ஏறும். ஆனால் இந்த அளவு புள்ளிக்கு மிக அருகில், ஒரு டிகிரியிலும் சிறு பங்குக்குள், என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லும். லோரி விளக்கோ பல டிகிரி தள்ளி நின்று தொல்லை கொடுப்பது. ஆகவே 2012இல் அதே பல்கலைக்கழகத்தார், சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டம்வரை ஒளித்தட்டுகளை விழித்திரையில் விழச் செய்து, நடுவில் சேரும் ஒளி எப்படிக் கூடுகிறது என்று பார்த்து, 8 டிகிரிவரை சிதறலை அளந்தார்கள். சோதிக்கப்படுபவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

மருத்துவர் வழக்கமாகச் செய்யும் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்வீடன் நாட்டு அறிஞர் குல்ஸ்ட்ராண்ட் 1911இல் அறிமுகப்படுத்திய பிளவு விளக்கால் அவர் கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி வில்லையைப் பார்க்கிறார். பால் கலந்த நீரில் டார்ச் ஒளியைப் பக்கத்திலிருந்து பார்த்தோமே, அதே வேலை. அங்கே அவர் காண்பது வில்லையிலிருந்து அவர் பக்கமாகத் திரும்பித் தெறித்த ஒளி. நோயாளியின் பார்வையை மறைப்பதோ உள்நோக்கி, விழித்திரைப் பக்கமாகத் தெறித்த ஒளி. இரண்டும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதனாலும் சிலரின் தொல்லை மருத்துவரின் கண்ணுக்குக் குறைவாகத் தோன்றிவிடுகிறது.

கலங்கிய வில்லைக்கு வழி உண்டா என்றால், உண்டு. 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர், கண்புரை எடுத்த கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். போரில் காயமுற்ற விமானிகளின் கண்ணுக்குள் விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டுகள் தங்கியும் கண் அதைப் பகையாகக் கொள்ளாததைக் கண்டதே அவருக்குத் துணிவு தந்தது. இன்று அது உலகெங்கும் அன்றாடம் நடக்கும் அறுவைச் சிகிச்சை. எப்போது செய்வது என்பதுதான் கேள்வி. எழுத்துப் பலகையை மட்டும் நம்பினால் நன்றாகப் படிப்பவருக்கு இப்போது வேண்டாம் என்றே முடிவாகும். சிதறலின் அளவும் கையிலிருந்தால் முடிவு வேறாகலாம்.

சிதறலை அளக்கும் கருவி எல்லா மருத்துவ நிலையங்களிலும் இருக்காது. ஆகையால் பெரியவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், எழுத்து தெரிகிறதா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவில் வண்டி விளக்கின் எதிரே என்ன ஆகிறது, காலை வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும்போது என்ன தெரிகிறது, விளக்கைச் சுற்றி வட்டம் தோன்றுகிறதா, எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வட்டமும் கண்வலியும் தலைவலியும் சேர்ந்து திடீரென வந்தால் அது சிதறல் என்று இருந்துவிடக் கூடாது. கண்ணின் உள்ளழுத்தம் ஏறியதாலும் அப்படி நேரலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.